17 சிக்கும் 18 சிக்கும் நடுவில்

வடக்கு ரயில்வேயின் வணிகப் பிரிவில் இருந்தபோது, பயணிகள் புகாரை விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பங்கு. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் பழக்கம் போகவில்லை. கண்ணெதிரே தகராறு நடந்தால் கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கும், யார் முதலில் என்ன சொன்னார் என்று மனம் குறித்துக்கொள்ளும். அப்படிக் குறித்ததுதான் இது. பெயர்கள் வேண்டாம், இருக்கை எண்கள் போதும்.

நடந்தது

தை முகூர்த்தங்களை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் கூட்டம். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரவு விமானம், இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். டிக்கெட்டில் சாப்பாடு சேராது, வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு 18 பி, நடு சீட். வலப்பக்கம் நடைபாதையோரம் 18 சியில் ஓர் இளைஞர். முப்பது வயது இருக்கலாம், உயரம் ஆறடிக்குக் குறையாது. உட்கார்ந்தவுடனேயே அவர் முழங்கால் முன்சீட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. குருகிராமில் வேலை, முனிர்காவில் வாடகை வீடு என்று பின்னால் தெரிந்தது. அவருக்கு நேர் முன்னே 17 சியில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மா. மயூர் விஹார்வாசி. ஏறும்போதே கைப்பையை மேலே வைக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலைக்கு மேல் இடுப்புப் பட்டை கட்டியிருந்தது தெரிந்தது. பையை மேலே ஏற்றிக் கொடுத்தவர் யார் என்றால், இதே 18 சி. பாதி விசாரணைக் கோப்புகளில் இப்படி ஒரு விவரம் ஓரமாகக் கிடக்கும். தீர்ப்புக்கு அது உதவாது, ஆனால் விடவும் மனம் வராது.

8:50க்கு 18 சி ட்ரேயை இறக்கி மடிக்கணினியைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் ட்ராலி வந்தது. கப் உப்புமா வாங்கினார். வெந்நீர் ஊற்றி மூடிக் கொடுத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்துத் திறக்கச் சொல்வார்களே, அதுதான். மடிக்கணினிக்குப் பக்கத்தில் ட்ரேயின் விளிம்பில் வைத்தார். அந்த ட்ரேயில் இரண்டுக்கும் இடம் கிடையாது.

9:05. 17 சி கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கிக்கொண்டு முதுகால் ஒரு தள்ளு தள்ளினார். சீட் ஒரே மூச்சில் பின்னால் வந்தது. ட்ரேயை மடக்கிச் செருகும் பள்ளம் ஒன்று முன்சீட்டின் முதுகில் இருக்கும். மடிக்கணினித் திரையின் மேல் விளிம்பு அதற்குள் மாட்டிக்கொண்டு, கீழே ட்ரேயும் மேலே சீட்டும் இடுக்கிபோல நெரித்தன. மெல்லிய சத்தம் ஒன்று எனக்கே கேட்டது. கப் சரிந்து பாதி உப்புமா அவர் தொடையில் கொட்டியது.

அவர் இரண்டு கைகளாலும் சீட்டை முன்னால் தள்ளினார், முழங்காலாலும் ஓர் உந்து. அந்த அம்மாவின் தலை முன்னால் போய்த் திரும்பியது. "யே க்யா கர் ரஹே ஹோ ஆப்?", என்ன செய்கிறீர்கள் என்று திரும்பினார். இவர் லேப்டாப் போச்சு என்று இந்தியில் கத்தினார். சாய்வதற்குத்தானே பட்டன் வைத்திருக்கிறார்கள் என்று அவரும் இந்தியிலேயே கேட்டார். இதுவரைக்கும் எல்லா விமானத்திலும் நடக்கிற சண்டைதான், இரண்டு நிமிடத்தில் அடங்கியிருக்கும்.

அப்புறம்தான் 18 சி தொடையைத் துடைத்தபடி தனக்குத்தானே தமிழில் சொன்னார்: "வயசுதான் ஆகியிருக்கு. பின்னாடி ஒருத்தன் உட்கார்ந்திருக்கானேன்னு அறிவு கிடையாது."

டெல்லித் தமிழர்களுக்கு இது ஒரு வியாதி. மெட்ரோவிலும் மதர் டெய்ரி பால்கடை வரிசையிலும் பக்கத்தில் நிற்பவரைப் பற்றித் தமிழில் தாராளமாகப் பேசுவோம், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில். சென்னையில் கிளம்பிய விமானத்தில் அந்த தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மா பெல்ட்டைக் கழற்றி, முழுதாகத் திரும்பினார். "ஏம்ப்பா, உங்க அம்மாகிட்டயும் இப்படித்தான் பேசுவியா?"

ஐந்து வரிசைகளில் தலைகள் திரும்பின. 16ஆம் வரிசையிலிருந்து ஒருவர், "விடுங்க மாமி, இந்தக் காலத்துப் பசங்க" என்றார். 19இல் இருந்து ஒரு பெண், "சூடா கொட்டியிருக்கு சார், அவர் என்ன பண்ணுவாரு?" என்றார். கட்சி பிரிந்துவிட்டது. பணிப்பெண் வந்தார். தமிழ் தெரியாது. சாய்வதற்கு அம்மாவுக்கு உரிமை உண்டு, சீட்டைத் தள்ளக் கூடாது என்று இருவரிடமும் ஒவ்வொன்று சொல்லிவிட்டு, "தோடா அட்ஜஸ்ட் கர் லீஜியே" என்று முடித்தார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பதை யாரிடம் சொன்னார் என்று சொல்லாததால் இருவருமே அனுசரிக்கவில்லை.

இருக்கையின் கணக்கு

ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரத்தை பிட்ச் என்பார்கள். கால் நீட்டும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சீட் முதுகின் தடிமனும் அதற்குள்தான். 1970களில் எகானமி வகுப்பில் 34, 35 அங்குலம் சாதாரணம். இப்போது மலிவு விலை விமானங்களில் 28, 29 அங்குலம், அதாவது முக்கால் மீட்டருக்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் நம் தொடை எலும்பு குறையவில்லை. சீட் முதுகைத் தகடுபோல மெலிதாக்கித்தான் ஓரளவு ஈடுகட்டினார்கள்.

இன்னொன்று. சீட் இடுப்பருகே உள்ள கீலில் மடங்குகிறது. அதனால் முழங்கால் மட்டத்தில் அது நகர்வது சொற்பம், தலை மட்டத்தில்தான் முழு நகர்வும். "முழங்கால் நசுங்குது" என்று கத்துகிறவருக்கு பெரும்பாலும் முன்பே நசுங்கித்தான் இருந்திருக்கும், சாய்ந்தது அதை நினைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். உண்மையில் அடிபடுவது முகத்துக்கு எதிரே உள்ள வெளியும் மடிக்கணினியும். இந்த வழக்கிலும் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீயும் சாய்ந்துகொண்டால் கணக்கு சரியாகிவிடுமே என்று 16ஆம் வரிசைக்காரர் உபதேசம் செய்தார். ஆகாது. 17 சாய்ந்தால் 18 சாயலாம், 18 சாய்ந்தால் 19. இப்படியே போய்க் கடைசி வரிசையில் முட்டும். அங்கே பின்னால் சுவரும் கழிப்பறையும் இருப்பதால் பல விமானங்களில் சீட் சாயாது. அவசரக் கதவு வரிசைக்கு முன்னால் உள்ள சீட்டுகளும் அப்படித்தான், ஓடும் வழியை மறைக்கக் கூடாது என்பதற்காக. விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் எல்லோரையும் நிமிர்த்தச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணி விமானத்துக்கு வடிவமைப்புச் சான்று கிடைக்கும். சாய்ந்த சீட் பின்வரிசைக்காரரின் வழியில் விழுந்த மரம்.

ஆக, அந்த மூன்று நான்கு அங்குல வெளியை நிறுவனம் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறது. 17 சியிடம் "சாய்ந்துகொள்ளலாம்" என்று, 18 சியிடம் "ட்ரே வைத்து வேலை பார்க்கலாம்" என்று. என் கண்டறிதலில் முதல் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் சண்டை நடக்கும்போது அது அங்கே இருப்பதில்லை, ஒரு பணிப்பெண்தான் இருக்கிறார்.

சில நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டு பட்டனிலேயே கை வைத்துவிட்டன. அயர்லாந்தின் ரயன்ஏர் விமானங்களில் சீட் சாயவே சாயாது. அமெரிக்காவின் டெல்டா 2019இல் தன் ஏ320 விமானங்களில் சாய்வை 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாகக் குறைத்தது. சண்டைக்கு மருந்து அது. இடுப்பு வலிக்கு அல்ல.

யாருடைய வெளி?

அமெரிக்காவில் முழங்கால் காப்பான் என்று ஒரு சாமான் விற்பனைக்கு வந்தது. ட்ரேயின் இரண்டு கைகளில் மாட்டினால் முன்சீட் சாயாது. 2014 ஆகஸ்டில் நுவார்க்கிலிருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்தில் ஒருவர் இதை மாட்டிவைத்தார். முன்சீட்டுப் பெண் அவர் மேல் பானத்தை ஊற்றினார். விமானத்தைச் சிகாகோவில் இறக்கி, இருவரையும் இறக்கிவிட்டுத்தான் மீதிப் பேரைக் கொண்டுபோனார்கள்.

அந்த வருடம் இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தினார்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஆறு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாயாமல் இருக்க எவ்வளவு கேட்பீர்கள் என்று முன்சீட்காரர்களைக் கேட்டபோது சராசரி 41 டாலர் வந்தது. பின்சீட்காரர்கள் தரத் தயாராக இருந்தது 18 டாலர். அப்புறம் கேள்வியைத் திருப்பினார்கள்: சாயும் உரிமை இல்லை, வேண்டுமானால் பின்சீட்காரரிடம் விலைக்கு வாங்க வேண்டும். உடனே பின்சீட்காரர்கள் 39 டாலர் கேட்டார்கள், முன்சீட்காரர்கள் 12 டாலருக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். உரிமை எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கைக்கு அது தங்கம், மற்றக் கைக்குத் தகரம். ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1960இல் சொன்னது வேறு. பேரம் பேசச் செலவில்லை என்றால், உரிமையை யாரிடம் கொடுத்து ஆரம்பித்தாலும் அதற்கு அதிக மதிப்பு தருகிறவரிடமே கடைசியில் போய்ச் சேரும் என்றார். 1991இல் நோபல் பரிசும் வாங்கினார். நடைபாதையில் ட்ராலி நிற்க, தொடையில் உப்புமா கொட்டியிருக்க, அந்தப் பேரத்தை யார் ஆரம்பிப்பது?

அந்தக் கணிப்பில் எனக்குப் பிடித்தது இன்னொரு விவரம். பணத்துக்குப் பதில் ஒரு பானமோ தின்பண்டமோ வாங்கித் தருகிறேன் என்றால் சாயாமல் இருக்கப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். இதற்குக் கணிப்பு தேவையே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் எதிரெதிரே உட்கார்ந்து, விஜயவாடா வருவதற்குள் புளிசாதம் கைமாறிவிடும் என்பதைப் பார்த்த எவருக்கும் தெரியும். புளிசாதம் கைமாறிய இடத்தில் பெர்த் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

மணி இல்லாத சண்டை

எங்கள் அலுவலகத்துக்கு வந்த புகார்களில் நடு பெர்த்துக்கு ஒரு தனி இடம் உண்டு. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டினால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. மாட்டாவிட்டால் நடு பெர்த்காரர் படுக்க முடியாது. ஒரே வெளி, இரண்டு சொந்தக்காரர்கள், 17 சி, 18 சியின் கதையேதான். ரயில்வே இதில் உரிமையைப் பற்றி வாதமே செய்யவில்லை. நேரத்தைப் பிரித்தது. முன்பு இரவு 9 முதல் காலை 6 வரை படுக்கை, மற்ற நேரம் இருக்கை. 2017 ஆகஸ்டில் அதை 10 முதல் 6 என்று மாற்றினார்கள். உடல்நலம் இல்லாதவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி இவர்கள் அதற்கு வெளியேயும் படுக்க நேர்ந்தால் மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. அவ்வளவுதான் விதி. சண்டை ஒழிந்துவிடவில்லை. ஆனால் டிக்கெட் பரிசோதகர் வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

விமானத்திலும் இப்படி ஒரு கடிகாரம் இருந்தது, எழுதாத கடிகாரம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு தரும் விமானங்களில், ட்ரே வரும்போது பணிப்பெண்கள் சீட்டை நிமிர்த்தச் சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் விளக்கைக் குறைப்பார்கள், அதற்கப்புறம் சாய்ந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் முறை வந்ததும் அந்தக் கடிகாரம் நின்றுவிட்டது. ஒருவர் 9:05க்கு உப்புமா, இன்னொருவர் 10 மணிக்கு டீ, மூன்றாமவர் வீட்டிலிருந்து இட்லிப் பொட்டலம். எது சாப்பாட்டு நேரம்? 17 சிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் வெந்நீர்க் கப் இருப்பது தெரிய வழியில்லை. இந்த வழக்கில் மற்றவர்கள் பேசியதெல்லாம் மரியாதையைப் பற்றி. எனக்கு இதுதான் மூலகாரணமாகப் படுகிறது.

ஆகவே நான் என் பழைய மருந்தையே எடுத்தேன். "அம்மா, அவர் துடைச்சு, சாப்பிட்டு முடிக்கட்டும். ஒன்பதரை வரைக்கும் நிமிர்ந்து உட்காருங்க. ஒன்பதரைக்கு நீங்க தாராளமா சாய்ஞ்சுக்கலாம். தம்பி, அப்போ லேப்டாப் மூடியிருக்கணும்." இருவரும் உடனே தலையாட்டியது எனக்கே வியப்பு. என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நியாயம் யார் பக்கம் என்று அந்த ஏற்பாட்டில் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 9:30க்கு 18 சி எழுந்து முன்னால் குனிந்து, "ஆன்ட்டி, இப்ப சாய்ஞ்சுக்கோங்க" என்றார். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மெதுவாக, பாதிதான் சாய்ந்தார். பட்டனை அமுக்கும்போது முதுகை சீட்டிலிருந்து சற்று எடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கொடுத்தால் சீட் மெல்லத்தான் போகும். இதை அவர் தானாகவே செய்தார்.

யார் மேல் என்ன தவறு

சாய்ந்தது தவறில்லை. இரவு நேரம், இடுப்பு வலி, வேலை செய்கிற பட்டன். பகலில் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். திரும்பிப் பார்க்காமல் சாய்ந்தது தவறு. 2020இல் இதே மாதிரி ஒரு சண்டை அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்டபோது, டெல்டாவின் தலைவர் எட் பாஸ்டியன் பின்சீட்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாய்வதுதான் முறை என்றார். கேட்பது கூட அவசியமில்லை என்பது என் எண்ணம். கேட்டால், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருப்பதுபோல் ஆகிறது. "சாயப் போறேம்ப்பா" என்று சொன்னால் போதும். கப்பைப் பிடித்துக்கொள்ள மூன்று வினாடி கிடைத்திருக்கும்.

18 சி தள்ளியது பெரிய தவறு, அது அவருக்கே தெரியாது. விமானப் போக்குவரத்து இயக்ககம் 2017 செப்டம்பரில் கொண்டுவந்த விதிகளில், வாய்ச் சண்டை முதல் நிலை, மூன்று மாதம் வரை பறக்கத் தடை. தள்ளுவது, உதைப்பது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. விமானி புகார் எழுதினால், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்லும். அதுவரைக்கும் நிறுவனம் அவரை ஏற்றாமல் இருக்கலாம். சீட்டைத் தள்ளுவது ஆளைத் தள்ளுவதாகுமா என்று வாதாடலாம். ஆனால் அந்த அம்மாவின் தலை ஆடியதை நான் பார்த்தேன், சாட்சி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பணிப்பெண் மேலே கொண்டுபோகாததால் பிழைத்தார்.

பிறகு

திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. அதைப் படம் எடுத்து இளைஞர் நிறுவனத்துக்கு எழுதினார், நானும் சாட்சியாக இரண்டு பத்தி எழுதிக் கொடுத்தேன். வருந்துகிறோம், பயணிகளின் உடைமைகளுக்கு அவர்களே பொறுப்பு என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் திரை மாற்ற 7,000 ரூபாய் ஆயிற்று.

இறங்கும்போது அந்த அம்மாவின் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். தயங்கித்தான் கூப்பிட்டேன். மறுபடி சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "சார், சாய்ஞ்சது என் உரிமைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா பார்க்காம சாய்ஞ்சதுல ஒரு பொருள் உடைஞ்சிருக்கு. பாதி நான் தர்றேன்" என்றார். இளைஞரிடம் சொன்னேன். "வேணாம் சார், அசிங்கமா இருக்கு" என்றார். இரண்டு நாள் கழித்து, வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே செய்தி அனுப்பினார்.

அந்த வாரமே அவருக்கு ஜிபேயில் பணம் வந்தது. 3,500 இல்லை, 3,000. குறைகிறதே என்று அவர் என்னைக் கேட்க, நான் அந்த அம்மாவைக் கேட்டேன்.

"ஐந்நூறு அந்த 'அறிவு கிடையாது'க்குப் பிடிச்சுக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இளைஞர் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, நியாயம்தான் சார் என்றார்.